ஏழாம் கேள்வி

ஒன்பதாம் இலக்க அறைவாசலில் மரவாங்கு.
என் துண்டில் நாற்பத்தொன்று.
மின்விசிறி சுற்றுக்கு ஒருதரம் இருமுகிறது.

துஷாரி என்று அட்டையில் பெயர். மருத்துவ மாணவி.
ஆராய்ச்சியாம். இருபது நிமிடம் தருவீங்களா, அக்கா?
ஈரத் தரையில் நடப்பதுபோல் அவள் தமிழ் பேசினாள்,
ஒவ்வொரு சொல்லாக, விழாமல்.
தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்;
அதைப்பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

ஒரு மாடி படியேறுதல்:
மிகவும் சிரமம், கொஞ்சம் சிரமம், சிரமமே இல்லை.

நல்ல முழங்கால், தங்கச்சி.
பள்ளிக்கூட வலைப்பந்தில்
என்னைவிட அரை அடி கூடினவளுக்கு மேலால்
எழும்பிய முழங்கால்.
டொக்டர் சின்னச் சுத்தியலால் தட்டியபோது
சொல்வழி கேட்கும் பிள்ளையாய் உடனே உதைத்தது.
நான் சொன்னால்தான் கேட்பதில்லை.

போன வியாழன்
சந்தியில் உருளைக்கிழங்கும் பாணும் வாங்கி
இரண்டாம் மாடித் திருப்பம் வரை வந்தேன்.
பையை வைத்தேன்.
பக்கத்தில் என்னையும் வைத்தேன்.
மணி இரண்டேகால்.
ரிஃப்காவின் மகன் டியூசனுக்கு என்னைத் தாண்டி இறங்கினான்.
திரும்பி வந்தபோதும் பாண் அங்கேயே, நான் அங்கேயே.
ஆன்ட்டி, லிஃப்ட் வேலை செய்யல்லையா?
செய்யுது மகன்.
லிஃப்டுக்குள் கண்ணாடி இருக்கிறது,
அதனால்தான் படியில் வந்தேன் என்று
பன்னிரண்டு வயதிடம் எப்படிச் சொல்வது.

துஷாரியின் பேனை
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே காத்து நின்றது.

குளித்தல், உடுத்தல்.
வாளி நிறையும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.
நிறைந்ததும் பைப்பைப் பூட்டி
தண்ணீர் அசைவடங்கும் வரை பார்த்து நின்று
அப்படியே வெளியே வந்த நாட்கள் உண்டு.
ஜெரால்ட் வேலையால் வந்து துவாயைத் தொட்டுப் பார்ப்பார்.
காய்ந்த துவாய்.
ஒன்றும் கேட்கமாட்டார்.
அவர் கேளாமல் விடுவதையும்
நான்தான் தூக்கிக்கொண்டு படுக்கவேண்டும்.
எத்தனை கிலோ என்று இதில் எங்கே எழுதுவது?

ஏழாவது: ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடத்தல்.
ஏலாது, என்றேன். மிகவும் என்று போடுங்கோ.
போட்டாள்.

கடைசியில் ஒரு கோடு, சைபரில் இருந்து பத்து வரை.
உங்கட வாழ்க்கையின் தரம் எங்கே, அக்கா?
அரிசிக்குத் தரம் கேட்டிருக்கிறேன். தேயிலைக்கும்.
மூன்றில் வைத்த விரலை
அந்தப் பிள்ளையின் முகம் வாடக்கூடாதென்று
நாலுக்குத் தள்ளினேன்.

திரும்பும்போது நூற்றெழுபத்தாறில் யன்னலோரம்.
கண் சொருகித் திடுக்கிட்டு மணியை அடித்துவிட்டேன்.
ஆமர் வீதி.
இறங்குறதா இல்லையா, சிங்களத்தில் கண்டக்டர்.
பிழையாக அடித்தேன் என்று வாய் திறப்பதைவிட
இறங்குவது லேசாக இருந்தது.

தூறல்.
இரும்புக் குழாய்க் கடைகள், பலகைக் கடைகள்,
மூடிய ஷட்டருக்குக் கீழே ஒரு பூனையும் மூன்று குட்டியும்.
இது டொக்டர் சொன்ன நடை இல்லை.
அந்த நடைக்கு விடியற்காலை வேண்டும்,
கன்வஸ் சப்பாத்து வேண்டும், மனம் வேண்டும்.
இது பிழையான மணிக்கு நடந்த நடை.
செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்தி நடந்தேன்.

தேவாலயத்துக் கூரை தெரிந்த இடத்தில்
ஏழாம் கேள்வி ஞாபகம் வந்தது.
ஒரு கிலோமீட்டர் இருக்குமா? இருக்கும், கூடவும் இருக்கும்.
அவளுக்குச் சொல்ல என்னிடம் நம்பர் இல்லை.
அவள் கணக்கில் நான் நடக்க ஏலாதவள்.
அது பொய்யுமில்லை.
நாளைக்குக் காலை அதுதான் உண்மையாக இருக்கும்.

ஃப்ளாட் வாசலில் லிஃப்ட் திறந்தபடி நின்றது.
உள்ளே, கண்ணாடியில்,
தலை நனைந்து, கையில் ஒற்றைச் செருப்போடு ஒருத்தி.
நான் பார்த்துக்கொண்டிருக்க
நாலாம் இலக்கத்தை
அவள் அமத்தினாள்.